பூனா நகரத்துக் கொள்ளைநோயும் சாவித்திரிபாய் அம்மையாரும்

நோயற்ற நாளில் கருணையைப் போற்றாதார் எவருமிலர். விகாரையில் அமர்ந்து மைத்திரி தியானம் செய்யுங்கால் எல்லா உயிர்களிடத்தும் அன்பு பூண்டொழுகுவது நமக்கு எளிதாகவே தோன்றுகின்றது. ஆனால் கொள்ளைநோய் தெருவிற் புகுந்து, அண்டை வீட்டாரை அண்டை வீட்டார் அஞ்சி, பெற்ற பிள்ளையைத் தொடுதற்கும் பெற்றோர் நடுங்கும் நாள் ஒன்று வருமாயின், நம் கருணை மெய்யோ பொய்யோ என்பது அன்றுதான் விளங்கும். அத்தகைய நாளொன்றில் மெய்யான கருணையைத் தம் உடலால் செய்து காட்டி, அதன் விலையாக உயிரையும் கொடுத்த ஒரு மூதாட்டியின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர் மகாத்மா ஜோதிராவ் பூலேயின் துணைவியார் சாவித்திரிபாய் அம்மையார். அந்த ஆண்டு 1897.

சாவித்திரிபாய் திரிசரணம் அடைந்தவரல்லரே, பஞ்சசீலம் ஏற்றவரல்லரே, அவர் வரலாற்றுக்கு நம் பத்திரிகையில் இடம் எதற்கு என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. இறந்தோர் அனைவரையும் நம்மவராக்கிக்கொள்ளும் பழக்கம் நமக்கு வேண்டா. எனினும் பாபாசாகேப் அம்பேத்கர் தமக்கு ஆசிரியராக மூவரைக் கொண்டார். பகவான் புத்தர் ஒருவர், கபீர் ஒருவர், ஜோதிராவ் பூலே ஒருவர். அந்த மூன்றாம் ஆசிரியர் தொடங்கிய பணியில் பாதியைத் தோளிற் சுமந்தவர் சாவித்திரிபாய். தம்மத்தின் பெயரைச் சொல்லாமலே தம்மத்தின் செயலைச் செய்தவரிடம் நாம் கற்க வேண்டுவன பல உண்டு.

பிறப்பும் கல்வியும்

மராத்திய நாட்டுச் சாதாரா மாவட்டத்தில் நாய்காவ் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் கண்டோஜி நெவ்சே பாட்டீல் என்பாருக்கு 1831-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 3-ஆம் நாள் சாவித்திரிபாய் பிறந்தார். அக்கால வழக்கப்படி 1840-இல், ஒன்பதாம் வயதிலேயே, பூனாவைச் சேர்ந்த ஜோதிராவுக்கு மணம் செய்விக்கப்பட்டார். மணமகனுக்கு அப்போது வயது 13. இரு குடும்பத்தாரும் தோட்டக்காரராகிய மாலி வகுப்பினர். சாத்திரங்கள் சூத்திரர் என்று ஒதுக்கிவைத்த கூட்டத்தில் பிறந்தவர்கள்.

மணமான பொழுது சாவித்திரிபாய் எழுத்தறியாதவர். கணவரே அவருக்கு முதலாசிரியரானார். பின்னர் அகமத்நகரிலும் பூனாவிலும் கிறித்தவ மாதர் நடத்திய ஆசிரியப் பயிற்சியையும் பெற்றார். பெண் படித்தால் குடும்பம் கெடும், கணவன் ஆயுள் குறையும் என்று ஊரார் நம்பிய காலம் அது. அக்காலத்தில் ஒரு கணவன் மனைவிக்கு அரிச்சுவடி கற்பித்ததே ஒரு புரட்சி எனலாம்.

1848-இல் பூனா நகரின் நடுவே, பிடே என்பாரின் மாளிகையில், இருவரும் பெண்களுக்கென ஒரு பள்ளி தொடங்கினர். சாவித்திரிபாய் அதில் ஆசிரியையாக அமர்ந்தார். வைதிகர் வாளா இருப்பரோ? பள்ளிக்குச் செல்லும் வழியில் அவர்மீது சேற்றையும் சாணத்தையும் வீசினர். அம்மையார் திரும்பிப் போகவில்லை. மாற்றுச்சேலை ஒன்றை உடன் எடுத்துச் செல்வார். பள்ளியை அடைந்ததும் அழுக்குச் சேலையைக் களைந்து, தூய சேலையை உடுத்துப் பாடம் தொடங்குவார். மாலையில் மீண்டும் அழுக்குச் சேலையுடன் வீடு திரும்புவார்.

சாதியாரின் வற்புறுத்தலுக்கு அஞ்சிய மாமனார், பள்ளியை விடுங்கள், அன்றேல் வீட்டை விடுங்கள் என்று 1849-இல் கூறிவிட்டார். இருவரும் வீட்டை விட்டனர். அப்போது அவர்களுக்குத் தம் இல்லத்தில் இடமளித்தவர் உஸ்மான் ஷேக் என்னும் முஸ்லிம் நண்பர். பாத்திமா என்னும் அம்மையார் தம் பணியின் சுமையைத் தாங்கியதை சாவித்திரிபாயின் கடிதம் ஒன்று நினைவுகூர்கின்றது. சில ஆண்டுகளுக்குள் பெண்களுக்கு மூன்று பள்ளிகளும், மகார், மாங்கு முதலிய தீண்டப்படாத மக்களின் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகளும் எழுந்தன. அவற்றுள் பயின்ற முக்தாபாய் என்னும் 14 வயது மாங்குச் சிறுமி, மகார் மாங்கு மக்களின் துயரம் குறித்து ஒரு கட்டுரை எழுத, அது 1855-இல் ஞானோதயம் என்னும் மராத்திப் பத்திரிகையில் வெளிவந்தது. விதைத்த விதை வீண்போகவில்லை என்பதற்கு அஃதொன்றே போதிய சான்று.

இல்லமே இரவலர்க்கு ஆயிற்று

பிராமண வகுப்பில் இளம்விதவைகளின் நிலை அந்நாளில் மிகக் கொடிது. வஞ்சிக்கப்பட்டுக் கருவுற்ற விதவை, பழிக்கு அஞ்சித் தன்னையோ சிசுவையோ மாய்த்துக்கொள்வாள். இக்கொடுமையைத் தடுக்க 1863-இல் பூலே தம்பதியர் தம் இல்லத்திலேயே ஒரு காப்பகம் திறந்தனர். எவரும் மறைவாக வந்து பிள்ளை பெற்றுச் செல்லலாம், விரும்பினால் பிள்ளையை அங்கேயே விட்டும் செல்லலாம் என அறிவித்தனர். எந்த வகுப்பார் தம்மீது சாணம் எறிந்தனரோ அந்த வகுப்புப் பெண்களுக்கே சாவித்திரிபாய் பேறுகால மருத்துவம் பார்த்தார். அங்ஙனம் ஒரு பிராமண விதவைக்குப் பிறந்த ஆண்மகவைத் தமதாக எடுத்து வளர்த்தனர். அப்பிள்ளையே யசுவந்த். அவனை மருத்துவனாக்கினர். இவ்வரலாற்றின் இறுதியில் அவனை மீண்டும் காண்போம்.

1868-இல் தம் வீட்டு நீர்த்தொட்டியைத் தீண்டப்படாதோர் யாவர்க்கும் திறந்துவிட்டனர். அதே ஆண்டில் நாய்காவில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஒரு பிராமண இளைஞனும் ஒரு மகார்ப் பெண்ணும் காதல் கொண்டதை அறிந்த ஊரார், இருவரையும் அடித்து இழுத்துக் கொலைசெய்யத் துணிந்தனர். செய்தி கேட்டு விரைந்த அம்மையார் கூட்டத்தினிடையே புகுந்து, கொலைக்குச் சர்க்கார் தரும் தண்டனையை எடுத்துக்காட்டி, இருவரையும் உயிருடன் மீட்டுப் பூனாவிலுள்ள கணவரிடம் அனுப்பிவைத்தார். இதனைத் தாமே கணவருக்குக் கடிதத்தில் எழுதியுள்ளார். கொல்லவந்த கூட்டத்தின் முன் தனித்து நிற்கும் திண்மை அவருக்கு அப்போதே இருந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

1873 செப்டம்பர் 24-ஆம் நாள் சத்தியசோதக சமாஜம் நிறுவப்பட்டது. புரோகிதரின்றித் திருமணம், சடங்கின்றி வழிபாடு, எல்லார்க்கும் கல்வி என்பன அதன் கொள்கைகள். 1876-77-இல் தக்காணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, தங்கவாடியில் குழந்தைகளுக்கு உணவளிக்கும் காப்பகம் நடந்தது. அப்பணியிலும் அம்மையார் முன்னின்றார்.

ஜோதிராவ் 1890 நவம்பர் 28-ஆம் நாள் மறைந்தார். இறுதிச் சடங்கு செய்யும் உரிமை வளர்ப்பு மகனுக்கு இல்லை என்று உறவினர் சிலர் பூசலிட்டனர். சாவித்திரிபாய் தாமே கொள்ளிச்சட்டி ஏந்தி முன்னே நடந்து, தம் கையாலேயே கணவர் சிதைக்குத் தீ வைத்தார். பின்னர்ச் சமாஜத்தின் பொறுப்பையும் ஏற்றார். 1893-இல் சாஸ்வடு என்னும் ஊரில் கூடிய சமாஜ மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். வயது அறுபதைக் கடந்தும் ஓய்வு என்பதை அறியார்.

கொள்ளைநோயின் வருகை

1894-இல் ஹாங்காங்கைச் சூறையாடிய பிளேக் நோய், கப்பல் வழியே பம்பாய் சேர்ந்தது. 1896 செப்டம்பரில் துறைமுகத்தை அடுத்த மாண்டவி வட்டாரத்தில் வியேகாஸ் என்னும் மருத்துவர் அதனைக் கண்டறிந்தார். கடுங்காய்ச்சல் கண்டு, அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறிகட்டி, ஒரு வாரத்துக்குள் உயிர் பிரியும். நோயணுவை யெர்சின் என்னும் விஞ்ஞானி 1894-இலேயே கண்டிருந்தார். ஆயினும் எலியின்மீது வாழும் தெள்ளுப்பூச்சி அதனைப் பரப்புகின்றது என்பதைச் சிமோந்து என்பார் 1898-இல்தான் கராச்சியில் வெளிப்படுத்தினார். ஆதலால் 1897-இல் நோய் எவ்வழி வருகின்றது என்பதை மருத்துவரும் அறியார், அரசரும் அறியார். அறியாமை அச்சத்தைப் பெருக்கியது. அச்சம் கொடுமையைப் பெருக்கியது.

நோயாளிகளைப் பிரித்து மருத்துவமனைக்குக் கொண்டுசென்றது பம்பாய் நகராட்சி. உயிருடன் போனவர் மீள்வதில்லை என்று கண்ட ஆலைத்தொழிலாளர் வெகுண்டு, 1896 அக்டோபரில் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். லட்சக்கணக்கானோர் நகரைவிட்டு ஓடினர். ஓடியவரோடு நோயும் இரயிலேறிப் பூனா வந்தது. தக்காணத்தில் அவ்வாண்டு மழையும் பொய்த்திருந்தமையால், பஞ்சம் ஒருபுறமும் நோய் மறுபுறமுமாக மக்கள் நடுவில் அகப்பட்டனர்.

1897 பிப்ரவரி 4-ஆம் நாள் தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. சில வரிகளே கொண்ட சிறிய சட்டம் அது. ஆனால் அதிகாரிகளுக்கு அளவிறந்த அதிகாரம் தந்தது. அவர்கள் நல்லெண்ணத்துடன் செய்த எதனையும் எதிர்த்து வழக்கிட இயலாது என்றும் விதித்தது. அதே மாதத்தில் ராண்டு என்னும் ஆங்கில அதிகாரி பூனாவின் பிளேக் நிர்வாகத்துக்கு அனுப்பப்பட்டார்.

அரசியலில் பூனா அப்போது கொதிக்கும் உலை. திலகரின் கேசரிப் பத்திரிகையும், கணபதி விழாவும், சிவாஜி விழாவும் மக்களை எழுப்பியிருந்தன. ஆயினும் அவ்வெழுச்சியில் தீண்டப்படாதோர் கிணற்றைப் பற்றிய பேச்சில்லை, பெண் கல்வியைப் பற்றிய பேச்சில்லை. சமூகச் சீர்திருத்த மாநாட்டைக் காங்கிரசுப் பந்தலில் நடத்தலாகாது என்று 1895-இல் பெரும்பூசல் விளைந்ததும் இதே நகரில்தான். வெளியார் ஆட்சியை வெறுத்தோர் பலர். உள்வீட்டு ஆட்சியைக் கண்டோர் சிலரே. அச்சிலருள் சாவித்திரிபாய் ஒருவர்.

முண்ட்வாச் சேரியிலிருந்து

பம்பாயில் சத்தியசோதக இயக்கத்தின் தூணாக நின்றவர் நாராயண் மேகாஜி லோகண்டே. ஆலைத்தொழிலாளருக்கு ஞாயிறு விடுமுறை கிடைக்கப் போராடி வென்றவர். 1897 பிப்ரவரியில் அவர் பிளேக் நோய்க்கு இரையானார். அச்செய்திக்குப் பின்னும் சாவித்திரிபாய் ஒதுங்கியிருக்கவில்லை.

மகன் யசுவந்த் அப்போது இராணுவத்தில் மருத்துவப் பணியில் இருந்தார். அம்மையார் அவரை வரவழைத்தார். பூனாவுக்கு வெளியே, ஹடப்சரில், யசுவந்தின் மாமனாரான சாசனே குடும்பத்தாரின் வெட்டவெளியான நிலத்தில், தாயும் மகனும் பிளேக் நோயாளிகளுக்கென ஒரு மருத்துவ நிலையம் அமைத்தனர். மகன் மருந்து கொடுத்தார். தாய் நோயாளிகளைத் தேடிச் சென்று அழைத்து வந்தார். சாதி கேட்கவில்லை.

அன்பர்கள் இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். ஊர் முழுதும் ஒருவரையொருவர் தொட அஞ்சிய நாள் அது. உயர்ந்த வகுப்பார் என்போர் முதன்முறையாகத் தீண்டாமையின் சுவையை அறிந்த நாள் அது எனினும் பொருந்தும். அயலான் தன் வாயிலில் நிற்பதையும், தன் பாத்திரங்கள் தெருவில் எறியப்படுவதையும், தன் உடல் மாசு எனக் கருதப்படுவதையும் அவர்கள் அன்று கண்டனர். சேரியில் வாழ்ந்தோருக்கு இவை புதியன அல்ல. நோய் வருமுன்னரும் அவர்களை எவரும் தொட்டதில்லை. நோய் வந்தபின் தொட எவர் வருவார்?

அவ்வினாவுக்கு விடை கிடைத்த இடம் முண்ட்வா. பூனாவை அடுத்த அக்கிராமத்தின் மகார்ச் சேரியில் ஒரு சிறுவன் பிளேக் நோயுற்றுக் கிடக்கின்றான் என்ற செய்தி சாவித்திரிபாய்க்கு எட்டியது. அம்மையார் அங்கே விரைந்தார். அவனைத் தம் முதுகிற் சுமந்துகொண்டு ஹடப்சர் மருத்துவ நிலையத்துக்கு நடந்தார். சுமந்தவருக்கு வயது 66. சுமக்கப்பட்டவன், ஊரார் நிழலும் படலாகாது என்று விலக்கிய குலத்துப் பிள்ளை.

நோய் அவரையும் பற்றியது. 1897 மார்ச்சு 10-ஆம் நாள் சாவித்திரிபாய் அம்மையார் உயிர்துறந்தார். கணவர் இறந்து ஆறு ஆண்டுகளும் சில மாதங்களுமே கழிந்திருந்தன.

அவ்வாண்டின் பிற்பகுதி

அம்மையார் மறைந்த மூன்றாம் நாள், மார்ச்சு 13-இல், பூனாவில் வீடுவீடாகச் சோதனை தொடங்கியது. நூற்றுக்கணக்கான படைவீரர் தெருக்களில் இறங்கினர். கதவுகளை உடைத்துப் புகுந்தனர். அடுப்படியிலும் பூசையறையிலும் நடந்தனர். பெண்களைத் தெருவில் நிறுத்தி நெறி உண்டோ என ஆராய்ந்தனர். நோயாளியை மருத்துவமனைக்கும், உறவினரைத் தனி முகாமுக்கும் இழுத்துச் சென்றனர். பொருள்களை எரித்தனர். மே மாத நடுப்பகுதி வரையில் இது நடந்தது. மருத்துவமனைகளில் பெண்கள் நடத்தப்படும் முறையைப் பண்டிதை ரமாபாய் வெளிப்படையாகக் கண்டித்தார்.

மக்களின் சினம் நியாயமானதே. நோயைத் தடுக்க வந்தோர் நோயாளியை மனிதனாகக் கருதவில்லை. இதனை நாம் மறைத்தல் தகாது. திலகரும் நகரைவிட்டு ஓடாமல் தங்கியிருந்து, இந்துக்களுக்கென ஒரு பிளேக் மருத்துவமனை நடக்கத் துணை நின்றார் என்பதையும் நேர்மையுடன் கூறவேண்டும்.

ஆனால் சினம் கொலையில் முடிந்தது. 1897 ஜூன் 22-ஆம் நாள் விக்டோரியா அரசியாரின் அறுபதாண்டு ஆட்சி விழா. அன்றிரவு கணேசகிண்டு சாலையில், விருந்து முடிந்து திரும்பிய ராண்டும் ஏயர்ஸ்டு என்னும் படையதிகாரியும் சுடப்பட்டனர். ஏயர்ஸ்டு அப்போதே மாண்டார். ராண்டு ஜூலை 3-இல் மாண்டார். சுட்டவர் சாபேகர் சகோதரர். சீர்திருத்தக்காரரையும் பகைத்த வைதிக இளைஞர் அவர்கள். தாமோதர் சாபேகர் 1898 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். அவர்தம் சகோதரர் இருவர் 1899-இல் தூக்கிலிடப்பட்டனர். திலகர் ஜூலையில் சிறைப்பட்டு, இராசத்துரோகக் குற்றத்துக்காகச் செப்டம்பரில் 18 மாதத் தண்டனை பெற்றார். நாட்டு சகோதரர் இருவர் விசாரணையின்றியே காவலில் வைக்கப்பட்டனர். 1898-இல் இராசத்துரோகச் சட்டம் இன்னும் கடுமையாக்கப்பட்டது.

அவ்வாண்டின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் இவற்றையே எழுதினர். துப்பாக்கி ஒலி நூல்களில் இடம்பெற்றது. நீதிமன்ற வாதம் இடம்பெற்றது. முண்ட்வாவிலிருந்து ஹடப்சர் சென்ற மூதாட்டியின் காலடி நெடுநாள் எவர் காதிலும் விழவில்லை. மராத்திய நாட்டுச் சத்தியசோதகரும், பின்னர் அம்பேத்கர் வழி வந்தோருமே அதனை மறவாது காத்தனர். 1998-இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது. 2014-இல் பூனாப் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. எந்நகரம் அவர்மீது சாணம் எறிந்ததோ அந்நகரத்தின் பட்டதாரிகள் இன்று அவர் பெயர் பொறித்த பட்டத்தைப் பெறுகின்றனர்.

யசுவந்தும் தாயின் வழியே சென்றார். சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பிளேக் பரவியபோது நோயாளிகளுக்குத் தொண்டாற்றி, அந்நோயாலேயே மாண்டார். பழிக்கு அஞ்சிய ஒரு தாய் விட்டுச்சென்ற பிள்ளை அவர். எல்லார்க்கும் மகனாக வாழ்ந்து மறைந்தார்.

நமக்குரிய பாடம்

நிற்க. பிளேக் மராத்திய நாட்டோடு நின்றுவிடவில்லை. 1898 ஆகஸ்டில் பெங்களூரை அடைந்தது. தண்டுப் பகுதியிலும் பேட்டைப் பகுதியிலும் நெருங்கி வாழ்ந்த நம் தமிழ் முன்னோர் பலர் அதற்கு இரையாயினர். அச்சத்தால் எழுந்த பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்நகரில் இன்றும் உண்டு. எலியும் தெள்ளுப்பூச்சியும் செய்த கேட்டுக்குத் தெய்வத்தின் கோபம் காரணமன்று என்பதை நாம் அறிவோம். ஆனால் மருந்தும் இல்லாது, தொட்டுத் தூக்குவாரும் இல்லாது தவித்த மக்கள் கல்லிடம் சென்றதைக் கண்டு நகைத்தலும் நமக்குத் தகாது. மனிதர் கை நீளாத இடத்திலேதான் தெய்வத்தின் கை தேடப்படுகின்றது.

அதே 1898-ஆம் ஆண்டில்தான் பண்டிதர் அயோத்திதாசர் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். நம் இயக்கத்தின் அந்த முதல்வர் தொழிலால் மருத்துவர். சித்த மருத்துவத்தில் தேர்ந்தவர். தமிழ்ப் பௌத்தம் மருத்துவர் ஒருவரின் கையாலேயே மீண்டும் நடப்பட்டது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகின்றோம்.

பகவான் புத்தரின் வாழ்க்கையிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. வயிற்றுப்போக்கால் வருந்திய பிக்கு ஒருவர் தம் மலத்திலேயே கிடந்தார். அவர் பிறர்க்கு உதவியாக இருந்ததில்லை என்று மற்றைப் பிக்குகள் அவரைக் கவனியாது விட்டனர். பகவான் அறைதோறும் சென்று பார்த்து வருங்கால் அவரைக் கண்டார். ஆனந்தரை நீர் கொணரச் செய்து, தம் கையாலேயே கழுவித் தூய்மை செய்து, இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். பின்னர்ப் பிக்குகளைக் கூட்டி, தாயும் தந்தையும் அருகில் இல்லாத உங்களுக்கு நீங்களே துணை என்றும், நோயாளிக்குச் செய்யும் பணி தமக்கே செய்யும் பணியென்றும் உணர்த்தினார். ததாகதர் அன்று ஓதிய தம்மம் நீரும் துணியும் கட்டிலுமாக இருந்தது.

இவ்வரலாற்றின் ஒளியில் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பாபாசாகேப் காட்டிய வழியில் நம்மில் பலர் தீக்கை ஏற்றோம். அதற்கு முன்னரே அயோத்திதாசர் வழியில் தம்மம் தழுவிய குடும்பங்களும் நம்மிடையே உண்டு. பெயரை மாற்றினோம். சுவரிலிருந்த படத்தை மாற்றினோம். பௌர்ணமிதோறும் வந்தனை செய்கின்றோம். இவை யாவும் வேண்டுவனவே. ஆனால் நம் சங்கத்து முதியவர் ஒருவர் மருத்துவமனையில் தனித்துக் கிடந்தால் முறைவைத்துச் சென்று அருகில் அமர்வார் யாவர்? காசநோய் கண்டவர் வீட்டுக்கு நாம் போகின்றோமா, அன்றி வாயிலோடு திரும்புகின்றோமா? 2020-இல் புதிய தொற்று வந்தபொழுது, 1897-ஆம் ஆண்டின் அதே சட்டமே மீண்டும் எடுத்தாளப்பட்டது. அந்நாள்களில் நம்முள் சிலர் உணவுப்பொதி சுமந்து தெருத்தெருவாகச் சென்றனர். சிலர் கதவைத் திறக்கவும் அஞ்சினர். பழி கூறுதற்காக இதை எழுதவில்லை. எழுதுகின்ற நாமும் அஞ்சியவர்களே. எந்த மக்களைத் தொடலாகாது என்று நாடு விலக்கியதோ அம்மக்களின் பிள்ளைகளாகிய நாம், இன்னொருவரைத் தொட அஞ்சிய அந்நாளை எண்ணி நாணுகின்றோம்.

காப்பின்றிச் சென்று மடிவதே கருணை என்றும் எவரும் கருதவேண்டா. நோய் பரவும் வழி இன்று நமக்குத் தெரியும். முகமூடி உண்டு, கையுறை உண்டு, மருந்தும் உண்டு. பிரக்ஞை இல்லாத கருணை குறையுடையது. சாவித்திரிபாயும் வெறும் உணர்ச்சியால் ஓடியவரல்லர். மகனை மருத்துவனாக்கி, ஊருக்கு வெளியே காற்றோட்டமான நிலம் தேர்ந்து, நிலையம் அமைத்துவிட்டே நோயாளிகளைத் தேடிச் சென்றார். அக்காலத்து அறிவு அளித்த காப்பு அவ்வளவே. அதற்கு மேல் தேவைப்பட்டபொழுது தம் முதுகைக் கொடுத்தார்.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் மார்ச்சு 10-ஆம் நாளன்று வாழ்த்துரைகளோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு கிளையிலும் நோயாளர் பணிக்கெனச் சிலர் பெயர் கொடுத்து அமர்வாராக. மருத்துவமனைக்கு உடன் செல்லவும், மருந்து வாங்கித் தரவும், இரவில் விழித்திருக்கவும் ஆள் உண்டு என்னும் நிலை நம் ஒவ்வொரு குடியிருப்பிலும் வரட்டும். இளம்பெண்கள் செவிலியர் கல்வி பயில நம்மால் இயன்ற பொருளுதவி செய்வோம். அண்டை வீட்டார் நம் சமயத்தை நம் நூல்களிலிருந்து அறிய மாட்டார். அவர் வீட்டில் நோய் வந்த நாளில் நாம் சென்றோமா என்பதிலிருந்தே அறிவர்.

சாவித்திரிபாய் அம்மையார் தம்மைப் பௌத்தர் என்று ஒருபொழுதும் கூறிக்கொண்டதில்லை. நாமோ நாள்தோறும் கூறிக்கொள்கின்றோம். அவர் செய்ததில் ஒரு பங்கேனும் நாம் செய்வோமாயின், அப்பெயர் நமக்குப் பொருந்தும்.

யாவர்க்கும் மங்களம் உண்டாகுக.